ஃபுல்லும் லெஸ்ஸும்

நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறவன் வீட்டில் டியூஷன் நடத்தக் கூடாது. கல்யாணமான புதிதிலேயே இதை என் மனைவியிடம் சொன்னேன். "டியூஷன் நடத்துற வூட்டுல நைட் ஷிப்டுக்காரருதான் தூங்கக் கூடாதுங்க" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அப்போது நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். எனக்குச் சுரங்கத்தில் வேலை, கன்வேயர் பெல்ட் பிரிவு. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டீயைக் குடித்துவிட்டு, முகம் கழுவி, பின்பக்க வராந்தாவில் பாயை விரித்துவிடுவாள். அக்கம்பக்கத்து பிளாக்குகளிலிருந்து பிள்ளைகள் வரும். செருப்புகள் கழலும் சத்தம், பென்சில் பாக்ஸ் விழும் சத்தம், பிறகு அவள் குரல்.

"கேர்" என்பாள்.

"கேர்ஃபுல், கேர்லெஸ்" என்று பிள்ளைகள் கத்தும்.

"ஹோப்."

"ஹோப்ஃபுல், ஹோப்லெஸ்."

"டேஞ்சர்."

"டேஞ்சரஸ்."

இங்கிலீஷில் ஒரு பெயர்ச்சொல்லின் பின்னால் சின்னதாக ஒன்றை ஒட்டினால் அது வர்ணிக்கிற சொல்லாகிவிடும் என்பது பாடம். ஒட்டுகிற அந்தத் துண்டை அவள் வால் என்பாள். ஃபுல் வால் ஒட்டினால் அது நிறைய இருக்கிறது என்று அர்த்தம், லெஸ் வால் ஒட்டினால் இல்லை. வெயில் என்கிற சன்னுக்கு இ வால் ஒட்டினால் சன்னி. மரத்துக்கு ஒரு வால், தங்கத்துக்கு ஒரு வால். எந்தச் சொல்லுக்கு எந்த வால் என்று பிள்ளைகள் விதி கேட்டால் அவளுக்குப் பிடிக்காது. "ரூலெல்லாம் அப்புறம். மொதல்ல வாயில வரணும். பாதித் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வரணும்" என்பாள். அதனால் தினமும் பத்து நிமிஷம் இந்தக் கோரஸ். முதல் சொல் மேலே ஏறும், அடுத்த இரண்டும் கீழே இறங்கும். அதற்கென்று ஒரு ராகமே உண்டாகிவிட்டது.

பாதித் தூக்கத்தில் கேட்டது நான்தான். உள் அறையில் காதில் தலையணையை வைத்துக்கொண்டு புரண்டிருக்கிறேன். ராத்திரி பெல்ட்டோரமாக டார்ச்சோடு நடக்கும்போது என்னையறியாமல் "யூஸ்ஃபுல், யூஸ்லெஸ்" என்று முணுமுணுத்திருக்கிறேன். கூட வந்த ஆள் "யாரண்ணே திட்டுறீங்க?" என்று கேட்டிருக்கிறான். இதை அவளிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

எங்களுக்கு ஒரே மகள். அவளும் அந்தப் பாயில் உட்கார்ந்து படித்தவள்தான். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். பிறகு மனைவி ரிட்டயர் ஆனாள். அதற்கப்புறம் நானும் ரிட்டயர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு வந்தோம். கடைத்தெருவுக்குப் பக்கத்தில் வீடு. பஸ் ஹாரன், ஜெனரேட்டர், மீன்காரர் என்று நாள் முழுக்கச் சத்தம். ஆனால் சாயங்காலமானால் அவள் வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "இங்க சத்தமே இல்லீங்க" என்பாள். டவுன்ஷிப்பிலிருந்து அவ்வளவு தூரம் யாரும் டியூஷனுக்குப் பிள்ளைகளை அனுப்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அவள் கண்ணாடி முன்னால் நின்று தோளில் சேலைக்குப் பின் குத்தினாள். பின் கீழே விழுந்தது. எடுத்தாள், மறுபடியும் விழுந்தது. கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். "என்னம்மா?" என்றேன். அவள் திரும்பி என்னிடம் ஏதோ சொன்னாள். அது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் கட்டில் ஓரமாகச் சரிந்துவிட்டாள்.

ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் பாண்டிச்சேரி. மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிர் பிழைத்தாள். வலது கை தொங்கிவிட்டது. வலது காலை இழுத்து இழுத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நடப்பாள். பேச்சு போய்விட்டது.

போய்விட்டது என்றால், ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. "ததா." தண்ணீர் வேண்டும் என்றாலும் ததா, ஜன்னலைச் சாத்து என்றாலும் ததா. குரலில் ஏற்ற இறக்கமெல்லாம் அப்படியே அவளுடையது. கோபம் தெரியும், கேள்வி தெரியும், அலுப்பு தெரியும். என்னவென்றுதான் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாளைக்கு நூறு தடவை என்னை "என்னங்க" என்று கூப்பிட்டவள். இப்போது கூப்பிட முயன்று வாயைக் குவிப்பாள், நாக்கு தேடும், கடைசியில் "ததா" என்று வந்ததும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அழமாட்டாள். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் பாண்டிச்சேரியில் இருந்தாள். என் மகள் வயசுதான் இருக்கும். வாரம் ஒரு தடவை மனைவியைக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தப் பெண் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாள். பூனை, சாவி, குடை. எதற்கும் ததாதான். ஒன்று, இரண்டு என்று அந்தப் பெண் ஆரம்பித்துவிட்டால் இவள் கூடவே சேர்ந்து ஐந்து வரைக்கும் வந்தாள். ஜெபத்தைச் சொல்லச் சொன்னபோது முதல் இரண்டு வரி வந்து, அப்புறம் கலைந்தது.

"தலையாட்டுறத நம்பாதீங்கப்பா. ஆமா, இல்ல ரெண்டும் இப்ப அவங்களுக்குக் குழம்பும். இல்லன்னு நெனச்சிக்கினு ஆமான்னு ஆட்டுவாங்க" என்று அந்தப் பெண் என்னை எச்சரித்தாள். எனக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. சாப்பாடு போதுமா என்றால் ஆமா என்று ஆட்டிவிட்டு, தட்டை எடுத்தால் என் கையைப் பிடிப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவளிடம் முன்பு டியூஷன் படித்த ஒரு பெண் பார்க்க வந்தாள். இப்போது பேங்கில் வேலை செய்கிறாள். காடாம்புலியூரில் இருக்கிற மாமியார் வீட்டிலிருந்து பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். டீச்சர் முன்னால் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் டீ போடச் சமையலறைக்குப் போனேன். அவள் என்ன பேசுவதென்று தெரியாமல் எதையாவது பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்ததெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்குது டீச்சர். வராந்தாவுல கத்துவோமே. கேர்…"

"கேர்ஃபுல், கேர்லெஸ்."

அந்தப் பெண் சொன்னாள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது அவள் குரல் இல்லை. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

"அங்கிள், டீச்சர் சொன்னாங்க அங்கிள்!"

"இன்னொரு தடவ கேளும்மா."

"ஹோப்" என்றாள் அந்தப் பெண்.

"ஹோப்ஃபுல், ஹோப்லெஸ்." என் மனைவியின் வாயிலிருந்து, அதே ராகத்தில், தெளிவாக. ஒரு எழுத்து குழறவில்லை. வாத்தியார் சொல்லி மாணவர்கள் திருப்பிச் சொன்னது இப்போது தலைகீழாக நடந்தது. அவளே ஆச்சரியத்தில் இடது கையால் வாயைத் தொட்டுப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.

உடனே மகளுக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் மடியில் வைத்தேன். "அம்மா, நான் பேசுறேன்மா" என்றாள் மகள். "ததா" என்றாள் இவள்.

"அப்படி இல்லம்மா, நீ ஒரு சொல்லச் சொல்லு. உங்கம்மா வாலச் சேத்துச் சொல்லுவா" என்றேன்.

மகள் கொஞ்சம் யோசித்தாள். என்ன நினைத்துக்கொண்டு கேட்டாளோ, "மதர்" என்றாள்.

"மதர்லி, மதர்லெஸ்" என்றாள் என் மனைவி, முகம் மலர்ந்து.

"போதும்பா. போன எடுங்க" என்றாள் மகள். அடுத்த நாள் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

அதற்கப்புறம் அதுதான் எங்கள் பேச்சு. காலையில் குளிப்பாட்டி, தலை துவட்டி, ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு எதிரில் உட்காருவேன். நான் ஒரு சொல்லைப் போடுவேன், அவள் வாலைச் சேர்த்துத் திருப்பிப் போடுவாள். அரைத்தூக்கத்தில் கேட்ட பாடம்தானே, எனக்கு முழுசாகத் தெரியாது. அவள் பழைய கிராமர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். ரிட்டயரான பிறகு நான் படித்த ஒரே படிப்பு அது.

ஒரு நாள் "பியூட்டி" என்றேன். "பியூட்டிஃபுல்" என்றாள். அவள் அதோடு நிறுத்தியதால் மறந்துவிட்டாள் என்று நினைத்து நானே "பியூட்டிலெஸ்" என்று எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணை உருட்டிப் பலமாகத் தலையை ஆட்டினாள். இடது கையை நீட்டி என் விரல் முட்டியில் ஒரு அடி வைத்தாள். அப்படி ஒரு சொல்லே கிடையாதாம். அடித்துவிட்டுக் கோணல் வாயோடு சிரித்தாள் பாருங்கள், அவளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு எங்கள் வீட்டில் இருந்த நல்ல நாள் அதுதான். மத்தியானம் வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரிக்குப் போனபோது இதையெல்லாம் பெருமையாகச் சொன்னேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள். நாலைந்து சொற்களைச் சொல்லிச் சோதித்தும் பார்த்தாள். பிறகு என்னைத் தனியே வெளி பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, இது நல்லதுதான். தினமும் செய்ங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். பல வருஷம் திரும்பத் திரும்பச் சொன்னது மூளையில வேற எடத்துல பாட்டு மாதிரி பதிஞ்சிருக்கும். ஆரம்பிச்சு விட்டா அது தானா ஓடும். அவங்க யோசிச்சு, அர்த்தத்தோட சொல்றாங்கன்னு எடுத்துக்க முடியாது."

"அப்ப அவ எங்கூடப் பேசலையாம்மா?"

"உங்களப் பாக்குறாங்கல்ல, சிரிக்கிறாங்கல்ல. அது பேச்சுதான். அந்த வார்த்தைங்க மட்டும் பேச்சு இல்ல" என்றாள்.

திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் என் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நான் ஜன்னல் வழியே முந்திரித் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் மேல் கோபமாக வந்தது. அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அது எவ்வளவு உண்மை என்பதை என் மனைவியின் தோள்வலிதான் எனக்குக் காட்டியது. பலமில்லாத வலது கை தொங்கித் தொங்கித் தோள்பட்டை மூட்டு இறங்கிவிட்டது. சில நாள் முகம் சுருங்கும். வலியா, வெறும் அலுப்பா, மாத்திரை கொடுக்கலாமா, வேண்டாமா? தலையாட்டலை நம்ப முடியாது. "பெயின்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பெயின்ஃபுல், பெயின்லெஸ்" என்றாள்.

வலிக்கிறது, வலிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில், அதே ராகத்தில். "எதும்மா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. பெயின்…" மறுபடியும் "பெயின்ஃபுல், பெயின்லெஸ்." எத்தனை தடவை கேட்டாலும் இரண்டும் சேர்ந்தே வந்தன. ஒரு விரலைக் காட்டி முதலாவதா, இரண்டு விரலைக் காட்டி இரண்டாவதா என்று கேட்டேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் நான் என்னவோ கேட்கிறேன் என்று தெரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று தவித்ததும் தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததும் நான் கேட்பதை விட்டுவிட்டேன். தோளை மெல்ல அழுத்தி, அவள் கண் இமை எப்படி அசைகிறது என்று பார்த்து, நானாக முடிவு செய்துகொள்வேன்.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் காலையிலிருந்தே அவள் சரியாக இல்லை. இட்லியை ஒரு வாய் வாங்கிவிட்டுத் தள்ளினாள். நெற்றியில் வியர்வை. வெளியே நல்ல மழை, குளிர்ந்த காற்று, இவளுக்கு மட்டும் வியர்க்கிறது. துடைத்துவிட்டேன். மறுபடியும் வியர்த்தது. இடது கையை மார்பு மேல் வைத்தாள், எடுத்தாள், வைத்தாள். பழக்க தோஷத்தில் கேட்டேன்.

"பெயின்?"

"பெயின்ஃபுல்" என்றாள்.

அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பாட்டு பாதியில் அறுந்த மாதிரி இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தாள். என் சட்டையைப் பிடித்தாள்.

"பெயின்ஃபுல்லா?" என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினேன். மழையில் நின்று ஆட்டோவை மறித்தேன். டிரைவரும் நானுமாக நாற்காலியோடு தூக்கி அவளை ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "இவங்களால பேச முடியாதே, நெஞ்சு வலின்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

"அவங்களே சொன்னாங்க சார்" என்றேன்.

மகள் ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தாள். காலையில் ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். மகள் போய்விட்டு வந்து, சுவரில் சாய்ந்து நின்றாள். பிறகு நான் போனேன். அவளுக்கு ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். இடது கையைப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. எங்களிடம் இருந்ததோ அந்த ஒரு பேச்சுதான். ஒவ்வொரு சொல்லாக மனசில் எடுத்துப் பார்த்தேன். ஹோப், கேர், ஹெல்ப், பெயின். எதை எடுத்தாலும் அதற்கு லெஸ் இருந்தது. அவள் பட்டியலில் லெஸ் வராத ஒரு சொல்லாகத் தேடி, குனிந்து, "சன்" என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தாள். மாஸ்க்குக்குள் உதடு அசைந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஏதோ மிஷின் சத்தம் போட்டது. நர்ஸ் வந்து, "போதும் ஐயா, வெளிய இருங்க" என்றார். அன்று மத்தியானம் அவள் போய்விட்டாள்.

அடக்கத்துக்கு அவளிடம் படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தலை நரைத்தவர்கள்கூட இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியாது. குரல்தான் தெரிந்திருக்கும். யார் யாரோ என் கையைப் பிடித்து, டீச்சரால்தான் இங்கிலீஷ் வந்தது என்று சொன்னார்கள். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

மகள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு என்னைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே என்னால் இருக்க முடியவில்லை. மாப்பிள்ளை நல்லவர், பேரப்பிள்ளைகள் நன்றாகப் பழகின. ஆனால் சின்னவள் ஹோம்வொர்க்கை வாய்விட்டுப் படிக்க உட்கார்ந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அது குழந்தைக்குப் புரியாது, அவள் அம்மாவுக்குப் புரிந்தது. மந்தாரக்குப்பத்துக்கே திரும்பி வந்துவிட்டேன்.

கல்லறைக்குக் கல் வைக்க ஆளை வரச்சொன்னபோது மகள் போனில் "லவிங் மதர்" என்று போட வேண்டும் என்றாள். நான் பெயரும் டீச்சர் என்பதும் போதும் என்று நினைத்திருந்தேன். அவள் அம்மாவின் கல், அவளுக்கு அதில் ஒரு வார்த்தைக்குப் பாத்தியம் இல்லையா? போடச் சொல்லிவிட்டேன்.

என் மனசில் ஒரு கேள்வி மட்டும் நின்றுகொண்டிருந்தது. கடைசியில் பேச்சுப் பயிற்சிக்காரப் பெண்ணுக்கே போன் செய்து கேட்டேன். "அன்னைக்கு அவ ஒண்ணோட நிறுத்திட்டாம்மா. அது எனக்குச் சொன்ன பதிலா? இல்ல, நெஞ்சு வலியில மூச்சு போதாம நின்னு போச்சா?"

"தெரியலப்பா" என்றாள். "ரெண்டுமே இருக்கலாம். என்னால சொல்ல முடியாது."

பதில்தான் என்று அவள் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. பெரும்பாலான நாட்களில் நான் அதைப் பதில் என்றே வைத்துக்கொள்கிறேன். பேச்சு போன அத்தனை மாதங்களில் என் மனைவி என்னிடம் பேசிய ஒரே சொல் அது. அதுவும் வலிக்கிறது என்ற சொல். சில நாள் விடியற்காலையில் விழிப்பு வரும்போது, நாளெல்லாம் என் எதிரில் உட்கார்ந்து ராகம் போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு முறைகூட என்னிடம் பேசவில்லையோ என்று தோன்றும். அப்போது எழுந்து விளக்கைப் போட்டுவிடுவேன்.

போன மாதம் அதே பெண் எனக்கு போன் செய்தாள். விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மனைவியைப் புதிதாகக் கூட்டி வருகிறாராம். அந்தம்மாவுக்கும் இதே மாதிரி. அவர் மிகவும் உடைந்துபோயிருக்கிறார், நீங்கள் ஒரு தடவை வந்து அவரிடம் பேசினால் அவருக்குத் தெம்பாக இருக்கும் என்றாள்.

"முழங்கால் வலிம்மா, பஸ் ஏற முடியல" என்றேன்.

"சரிப்பா, ஒடம்பப் பாத்துக்கங்க" என்றாள்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மனிதரை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, அந்தம்மா தன் புருஷனைப் பார்த்து "என்னங்க" என்று கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வேன்? அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?